கொல்லிமலையில் காய்ப்பது நம்ம கொல்லையில் காய்க்குமா?



சமீபத்தில் குழுக் கூட்டங்களில் நம்மிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி கடன் தவணையைப் பற்றியது இல்லை. "ஏனுங்க்கா, வண்டியில ஆப்பிள் கன்னு கொண்டுட்டு வராங்க. நம்மூர்லயே காய்க்குமாம். வாங்கி வைக்கலாமுங்களா?" என்பதுதான் அது. இன்னும் சிலர் வல்வில் ஓரி விழாவுக்கு மலைக்குப் போய்விட்டு வரும்போது ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் கன்றுகளை மடியில் வைத்து எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கிறார்கள். அது வருமா வராதா என்றும் கேட்கிறார்கள்.

கேட்பது நியாயமான ஆசைதான். வீட்டுக்குப் பின்னால் நாலு பழ மரம் இருந்தால் குழந்தைகள் கடையைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. ஆனால் மரம் என்பது கீரைப்பாத்தி மாதிரி இல்லை. கீரை வரவில்லை என்றால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், கொத்திவிட்டு வேறு விதை போடலாம். மரம் வரவில்லை என்று தெரிய நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை நாம் சுமந்து ஊற்றிய தண்ணீர், எருக் கூலி, கட்டிய வட்டி எல்லாம் போனதுதான். அதனால் கன்றுக்குக் காசு கொடுக்கும் முன்னால் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்வோம்.

ஆப்பிளுக்கு ஏன் குளிர் வேண்டும்?

நம் மாவட்டம் முட்டைக்குப் பேர் போனது. அதனால் முட்டையை வைத்தே சொல்கிறோம். கோழி 21 நாள் சூடு கொடுத்து அடைகாத்தால்தான் குஞ்சு வரும். பத்து நாளில் கோழி எழுந்து போய்விட்டால் அது கூமுட்டை. ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச் போன்ற மரங்களுக்கு இது அப்படியே தலைகீழ். அவற்றுக்குச் சூடு இல்லை, குளிர் வேண்டும்.

இந்த மரங்கள் பனிக்காலத்தில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாகத் தூங்கும். அந்தத் தூக்கத்தில் மரம் தனக்குள்ளே குளிரைக் கணக்கு வைக்கிறது. பொதுவாக 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் நேரத்தைத்தான் குளிர் நேரம் என்று கணக்கிடுகிறார்கள். காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளையும் சிவப்பு டெலிஷியஸ் வகை ஆப்பிளுக்கு இப்படி ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் தேவை. இரவுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தாலும் நூறு இரவு. அந்தக் கணக்கு நிரம்பிய பிறகு வெயில் வந்தால்தான் மொட்டெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்துப் பூக்கும். கணக்கு நிரம்பாவிட்டால் ஒரு கிளையில் இலை, ஒரு கிளையில் குச்சி, எங்கோ நாலு பூ என்று மரம் தடுமாறும். வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே போகும்.

இப்போது நம் புதுச்சத்திரத்தைப் பாருங்கள். சேலம்–நாமக்கல் ரோட்டில் சமவெளியில் இருக்கிறோம். மார்கழி, தை விடியற்காலையில்கூட 17, 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 7 டிகிரி நம் ஊர்க்காரர்கள் பார்த்தே இருக்க மாட்டார்கள். மேலே கொல்லிமலைக்கு ஏறினால் குளிரும், உண்மைதான். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு. கொல்லிமலை ஊர்கள் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. செம்மேட்டில் மார்கழி மாதம் கம்பளி இல்லாமல் இருக்க முடியாது. ஆனாலும் நமக்கு நடுங்குகிற குளிர் ஆப்பிளுக்குப் போதாது.

ஏற்காடு இன்னும் கொஞ்சம் உயரம், சுமார் 1,500 மீட்டர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பியோடு சேர்த்து ஆப்பிள், பேரி, ஆரஞ்சு எல்லாம் கொண்டு வந்து வைத்தார் என்று சொல்வார்கள். இருநூறு வருஷம் ஆகிவிட்டது. காப்பி நின்றது. ஆரஞ்சு நின்றது. பேரியும் ஏதோ கொஞ்சம் நின்றது. ஆனால் "ஏற்காட்டு ஆப்பிள்" என்று சேலம் கடைவீதியில் ஒரு கூடை விற்றுப் பார்த்திருக்கிறோமா? துரைக்கு ஆள் பலமும் பண பலமும் இருந்தது. அப்படியும் நிற்காத மரத்தை நாம் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றி நிறுத்தப் பார்க்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்தக் குளிர்ப்பழங்கள் உருப்படியாக வருவது 2,000 மீட்டரை ஒட்டிய கொடைக்கானல், நீலகிரிப் பக்கம்தான். அங்கேயும் பேரிக்காய், பிளம்ஸ், பீச்தான் அதிகம். கொடைக்கானலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குன்னூரில் பழ ஆராய்ச்சிக்கென்றே பழைய நிலையம் ஒன்று இருக்கிறது. அவர்கள் எல்லாம் பல வருஷம் வைத்துப் பார்த்து, இந்த உயரத்துக்கு இந்த ரகம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"வெயிலிலும் காய்க்கும் ஆப்பிள்" என்கிறார்களே?

வண்டிக்காரர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறோம்.

குளிர் குறைவாகத் தேவைப்படும் ஆப்பிள் ரகங்கள் உலகத்தில் உண்டு. இஸ்ரேல் நாட்டில் உருவான 'அன்னா', பஹாமாஸ் தீவில் கிடைத்த 'டார்செட் கோல்டன்' இரண்டும் பெயர் பெற்றவை. ஆயிரம் மணி நேரம் வேண்டாம், முந்நூறுக்குள் போதும் என்பார்கள். இமாச்சலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா தன் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த ரகம் எச்.ஆர்.எம்.என். 99. பனி விழும் உயரத்தில் இல்லாமல், கீழ்மலையின் வெயிலிலும் அது காய்த்தது. தேசிய புத்தாக்க நிறுவனம் அந்தக் கன்றுகளைப் பல மாநிலங்களுக்குக் கொடுத்துச் சோதித்தது. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஒரு விவசாயி இப்படிச் சாதித்தது நமக்கும் பெருமைதான்.

சமவெளியில் சில இடங்களில் அந்த மரம் காய்த்ததும் உண்டு. ஆனால் ஒரு மரத்தில் பத்துக் காய் தொங்குவது வேறு. வருஷா வருஷம் வீட்டுக்கு ஆகிற மாதிரி, தின்ன ருசியாகக் காய்ப்பது வேறு. இன்னொன்று, வண்டியில் வருவது உண்மையில் அந்த ரகம்தானா என்று இலையைப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, எங்களாலும் சொல்ல முடியாது. காய்த்த பிறகுதான் தெரியும். அன்றைக்கு அந்த வண்டி எந்த ஊரில் நிற்குமோ!

வெப்ப நாட்டில் ஆப்பிளே முடியாதா என்றால், இந்தோனேசியாவின் ஜாவா தீவில் மலாங் பக்கத்து மலையில் செய்கிறார்கள். குளிர் தூங்க வைக்கவில்லை என்பதால், அறுவடை முடிந்ததும் மரத்தின் இலை முழுவதையும் ஆள் வைத்துக் கையால் உருவிப் போடுகிறார்கள். கிளைகளை வளைத்துக் கட்டுகிறார்கள். மரம் ஏமாந்து புதிதாகத் துளிர்த்துப் பூக்கும். வருஷத்துக்கு இரண்டு அறுவடை கூட எடுக்கிறார்கள். ஆனால் அதுவும் மலைதான், நம் சமவெளி மாதிரி 40 டிகிரி வெயில் கிடையாது. மரம் மரமாக இலை உருவ நமக்கு எங்கே நேரம்?

எங்கள் கருத்து இதுதான். கையில் உபரிக் காசு இருந்து, ஆசைக்கு ஒரு கன்று வைத்துப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. குழுவில் கடன் எடுத்து மட்டும் வாங்காதீர்கள். உதாரணத்துக்கு, ஒரு கன்று 400 ரூபாய் என்று ஐந்து கன்று வாங்கினால் 2,000 ரூபாய். குழுவில் ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 20. அசலைக் கட்டாமல் மூன்று வருஷம் இழுத்தால் வட்டி மட்டும் 720 ரூபாய். அதற்குள் ஒரு காய்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அதே 2,000 ரூபாயில் கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா, மாதுளை என்று கொல்லை நிறைய வைத்து, வேலிக்கும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

பெயரில் ஏமாந்துவிட வேண்டாம்

ஆப்பிள் என்ற பெயர் ஒட்டிக்கொண்ட பழங்கள் நிறைய. 'ஆப்பிள் பேர்' என்று விற்பது பெரிய இலந்தை. நம் கரட்டு இலந்தையின் உறவுதான். அது நம் வெயிலுக்கு நன்றாகவே வரும், தண்ணீரும் குறைவாகப் போதும். 'ரோஸ் ஆப்பிள்', 'வாட்டர் ஆப்பிள்' எல்லாம் நாவல் இனம். 'கஸ்டர்ட் ஆப்பிள்' நம் சீத்தாப்பழம். இலந்தை என்று தெரிந்தே வாங்கினால் நல்லது. ஆப்பிள் என்று நினைத்து வாங்கிவிட்டு, முள்ளைப் பார்த்த பிறகு திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

மலைமேல் இருக்கும் சொந்தங்களுக்கு

நம் உறுப்பினர்கள் பலருக்கு மலையில் பெண் கொடுத்தோ, பழக்கவழக்கத்திலோ தொடர்பு உண்டு. அவர்கள் வீட்டுக் கொல்லைக்கு எது சரி என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்.

மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்தில் பலா, அன்னாசி, மலைவாழை, கொய்யா எல்லாம் சொல்லாமலே வரும். கொல்லிமலைப் பலாவும் அன்னாசியும் நம் சந்தைக்கே வருகின்றனவே. கமலா ஆரஞ்சும் அந்த உயரத்துப் பழம்தான். பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருந்தால்தான் அதன் தோல் மஞ்சளாகி ருசி கூடும். ஆனால் ஆரஞ்சில் 'கிரீனிங்' என்று ஒரு நோய் உண்டு. இலை திட்டுத் திட்டாக மஞ்சளடித்து, காய் சிறுத்து, மரம் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டு மூலமாகவும், சின்னப் பூச்சி மூலமாகவும் பரவும். வந்தபின் மருந்து இல்லை. அதனால் ஆரஞ்சுக் கன்றை மட்டும் கண்ட இடத்தில் வாங்காமல் அரசு பண்ணையிலோ ஏற்காடு ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரித்து வாங்கச் சொல்லுங்கள்.

பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப்பழம் இப்போது நல்ல விலைக்குப் போகிறது. பழநி மலைச்சரிவில் இருக்கும் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'தடியன்குடிசை 1' என்ற ரகம் நம் தமிழ்நாட்டு மலைகளுக்கென்றே தேர்ந்தெடுத்தது. இந்த மரத்துக்கு வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால் வேர் அழுகிவிடும். சரிவில், நீர் வடியும் இடத்தில் வைக்க வேண்டும். இதன் பூவிலும் ஒரு வேடிக்கை. ஒரே பூ ஒரு நேரம் பெண்ணாகத் திறந்து மூடிக்கொண்டு, மறுபடி ஆணாகத் திறக்கும். சில மரங்கள் காலையில் பெண், சில மரங்கள் மாலையில் பெண். அதனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வேறு வேறு ரகம் இருந்தால் காய் அதிகம் பிடிக்கும். கீழே புதுச்சத்திரத்தில் வைத்தால் கோடை வெயிலில் இலை கருகும். மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்கள் தென்னை நிழலில் வைத்துப் பாருங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பேரி, பிளம்ஸ் எல்லாம் கொல்லிமலைக்குக்கூட உயரம் போதாது. ஏற்காட்டில் கெட்டிப் பேரி ஓரளவு வரும், அவ்வளவுதான்.

நம்ம கொல்லைக்கு எது?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நம் பக்கம் செம்மண்ணும் சரளையும் அதிகம், சில இடங்களில் சுண்ணாம்புப் பாறை. போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. மே மாதம் 40 டிகிரி. மழை அதிகமும் புரட்டாசி, ஐப்பசியில். இதைத் தாங்குகிற மரம்தான் நமக்கு மரம்.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொய்யா என்போம். 'லக்னோ 49' பதியன் கன்று வைத்தால் இரண்டாம் வருஷமே காய்க்கத் தொடங்கும். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆப்பிளைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை. கீரை, கம்பு, ராகியில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி துணை செய்கிறது. கம்மஞ்சோறு சாப்பிட்டதும் ஒரு கொய்யாவைக் கடித்தால் அதுவே நல்ல மருந்து. கிலோ இருநூறு ரூபாய்க்கு ஆப்பிள் வாங்கிக் கொடுத்தால்தான் பிள்ளை தேறும் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். அதனால் கிளையை வெட்டினால் மரம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். வருஷம் ஒரு தடவை நுனிகளைக் கவாத்து செய்தால் மரம் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும், காயும் கூடும். வேரோடு வளையும் நீண்ட கிளைகளை வளைத்துக் கயிறு கட்டி முளைக்குச்சியில் இழுத்து வைத்தாலும் கிளை நெடுகத் துளிர்த்துக் காய்க்கும். பழத்துக்குள் புழு வைக்கிறது என்பார்கள். அது பழ ஈயின் வேலை. கீழே விழுந்த பழத்தை அப்படியே விட்டால் அதிலிருந்து புழு மண்ணுக்குள் போய் மறுபடி ஈயாக வரும். தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். காய் முற்றும் சமயம் காகிதப் பை கட்டிவிட்டாலும் தப்பிக்கலாம், அணிலும் கொஞ்சம் ஏமாறும்.

அடுத்து பப்பாளி. இது மரமே இல்லை, பெரிய செடி. வைத்த எட்டு, பத்து மாதத்தில் பழம். மற்ற மரங்கள் வளரும்வரை வீட்டுக்குப் பழம் கொடுப்பது இதுதான். நாட்டுப் பப்பாளியிலும் 'கோ 2' ரகத்திலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஒரே ஒரு செடி வைத்து அது ஆணாகப் போய்விட்டால் வெறும் பூங்கொத்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டுக்கு 'கோ 7' மாதிரி, எல்லாச் செடியும் காய்க்கும் ரகம் நல்லது. பப்பாளிக்கு எதிரி தேங்கும் தண்ணீர். இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றால் செடி சாய்ந்துவிடும். அதனால் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி வைக்க வேண்டும்.

பப்பாளி என்றதும் மாவுப்பூச்சி ஞாபகம் வரும். 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் தெரிந்த அந்த வெள்ளைப் பூச்சி, பப்பாளி, மல்பெரி, நம் மரவள்ளி என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அடித்த மருந்துக்கெல்லாம் அசையவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அழித்துவிடும். ஒன்றிரண்டு வருஷத்தில் கட்டுக்குள் வந்தது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், இன்றைக்கும் இலையில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தவுடன் கடும் விஷ மருந்து வாங்கி அடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். பூச்சி திரும்பப் பெருகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். முதலில் அது போதும்.

எலுமிச்சை வீட்டுக்கு ஒன்று கட்டாயம். 'பெரியகுளம் 1' நம் பகுதிக்கு ஏற்றது. எலுமிச்சையில் ஒரு வசதி: விதைக் கன்றே பெரும்பாலும் தாயைப் போல வரும், ஒட்டுக்கன்றுதான் வேண்டும் என்று இல்லை. காய்க்க நாலைந்து வருஷம் ஆகும். இலையைத் தின்னும் பச்சைப் புழு வரும், கையால் பொறுக்கினாலே தீரும். கோடையில் விலை ஏறும்போது மிச்சக் காயை அக்கம்பக்கத்தில் கொடுத்தாலே தேங்காய் எண்ணெய்ச் செலவுக்கு ஆகும்.

சப்போட்டா எதற்கும் கோபப்படாத மரம். பாலை மரத்துக் கன்றில் ஒட்டுக்கட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வேர் வறட்சி தாங்கும். இடம்தான் 25 அடி கேட்கும். சீத்தா இன்னும் எளிது. கரட்டிலேயே வளர்கிற மரம், ஆடும் மாடும் இலையைத் தொடாது. வேலி ஓரத்தில் வைக்கலாம். மாதுளை மூன்றாம் வருஷம் காய்க்கும். ஆனால் காய் எலுமிச்சை அளவு வரும்போதே பழைய துணிப்பை கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பட்டாம்பூச்சி முட்டையிட்டு, புழு உள்ளே போய்க் குடியிருக்கும். நாலு காயாக இருந்தால் கட்டலாம், நாற்பது காய்க்குக் கட்டப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் மாதுளை வையுங்கள்.

நெல்லியில் ஒரு விஷயம். பெருநெல்லி தனி மரமாக நின்றால் பூ பூத்தும் காய் குறைவாகவே பிடிக்கும். வேறு ரகம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு நெல்லி வைக்க எல்லோருக்கும் இடம் இருக்காது. இது குழுவாகச் செய்யக்கூடிய வேலை. ஒரு வீட்டில் 'பவானிசாகர் 1', அடுத்த வீட்டில் 'என்.ஏ. 7' என்று பேசி வைத்துக்கொண்டால் இரண்டு வீட்டுக்கும் காய்.

மா பற்றிச் சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: மல்கோவா ருசி, ஆனால் ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுக்கும். வருஷா வருஷம் காய் வேண்டும் என்றால் நீலம். தின்று போட்ட கொட்டையை நட்டால் அந்த ருசி வரும் என்று நிச்சயம் இல்லை, காய்க்க ஆறேழு வருஷமும் ஆகும். மாவும் பலாவும் சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி இருக்கட்டும். கழிவறைத் தொட்டிக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கன்று வாங்கும்போது

கன்றில் காய் தொங்குவதைப் பார்த்து மயங்கக் கூடாது. தொட்டிக்குள் நெருக்கி, பட்டினி போட்டால் சின்னக் கன்றும் உயிர் பயத்தில் காய்க்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காயைக் கிள்ளிவிடுங்கள். கொய்யாவில் முதல் வருஷம் வரும் பூவையும் கிள்ளிவிட்டால் மரம் பலமாகும். மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள்.

ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்கட்டிய முடிச்சு தண்டில் தெரிய வேண்டும். அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே அரை அடியாவது இருக்கும்படி நட வேண்டும். முடிச்சுக்குக் கீழே வரும் துளிர் காட்டுக் கன்றினுடையது. அதைப் பார்த்தவுடன் கிள்ளாவிட்டால் மேலே ஒட்டிய நல்ல ரகம் செத்து, கீழே இருந்த காட்டு ரகம் மரமாகிவிடும். "நல்ல மாங்கன்னுன்னு கொடுத்தாங்க, புளிக்குது" என்று பின்னால் வருத்தப்படுவதில் பாதி இதனால்தான். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் அந்தக் கன்று வேண்டாம். உயரமான கன்றைவிடக் குட்டையாக, தண்டு பென்சிலைவிடத் தடியாக இருக்கும் கன்றே மேல். எங்கே வாங்கினாலும் ரகத்தின் பெயர் எழுதி ரசீது கேளுங்கள். ரசீது கொடுக்க முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

நம் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் அரசு பண்ணைக் கன்றுகள் எங்கே, என்ன விலை என்று சொல்வார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மண்ணையும் தண்ணீரையும் எங்கே பரிசோதிப்பது என்று அங்கே விசாரிக்கலாம். போர் தண்ணீர் ரொம்ப உப்பு என்றால் மாதுளை, சப்போட்டா, இலந்தை தாங்கும். எலுமிச்சை தாங்காது. இது தெரியாமல்தான் எலுமிச்சை இலை நுனி கருகுவதைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்து அடிக்கிறோம்.

நடுவதும் தண்ணீரும்

மழைக்கு முன்னால் குழி எடுத்துப் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் ஆறவிடுங்கள். மா, சப்போட்டாவுக்கு மூன்று அடி, மற்றதுக்கு இரண்டு அடி. மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் ஒரு கூடை, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. கோழிப்பண்ணை எரு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் பச்சையாகப் போட்டால் அதன் சூட்டில் வேர் வெந்துவிடும். இரண்டு மூன்று மாதம் நிழலில் நனைத்துக் குவித்து, வாடை போன பிறகு போடுங்கள்.

நட்ட முதல் இரண்டு கோடைதான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் மரம் தானே பிழைத்துக்கொள்ளும். வாரம் இரண்டு தடவை கன்றுக்கு ஒன்று, இரண்டு குடம். அந்தத் தண்ணீரும் ஆவியாகாமல் இருக்க, தூரைச் சுற்றிக் கடலைத்தோல், கரும்புத்தோகை, தென்னைமட்டை எது கிடைத்தாலும் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி செருகிய பழைய மண்பானையைத் தூருக்குப் பக்கத்தில் புதைத்து நிரப்பி வைத்தால், மூன்று நாள் வெளியூர் போனாலும் கன்று வாடாது. பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கும் பப்பாளிக்கும் வாய்க்கால் கட்டி விடலாம். சலவைத்தூள் கலந்த துணி துவைத்த தண்ணீர் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் உப்பு மண்ணை இறுக்கிவிடும்.

வீட்டுக்கு மேற்குப் பக்கம் இடம் இருந்தால் பெரிய மரத்தை அங்கே வையுங்கள். சாயங்கால வெயில் சுவரில் விழாது. ஓட்டு வீட்டுக்குள் ராத்திரிப் புழுக்கம் குறைவதை இரண்டு மூன்று கோடையில் நீங்களே உணர்வீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: எத்தனை வீட்டில் இடம் இருக்கிறது, தண்ணீர் உப்பா நல்லதா, எந்த மரம் எத்தனை வேண்டும். கூட்டமைப்பில் எல்லாவற்றையும் சேர்த்து, தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஒரே மனுவாகக் கொடுக்கலாம். தனியாக இரண்டு கன்றுக்கு ராசிபுரம், நாமக்கல் என்று பஸ் ஏறுவதைவிட, இருநூறு கன்றை ஒரே வண்டியில் ஏற்றி வந்தால் வாடகையும் மிச்சம். நெல்லி வைக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து எழுதவும்.